"வரேண்ணா" என்றவர் வரவில்லையா? மெல்லிசைக் குழுவில் பழுது பார்க்கும் வழி

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடி, அதன் மேல் தகரக் கொட்டகை, அதற்குள் எங்கள் குழு. பதினான்கு வருடமாக ஓடுகிறது. எங்களில் யாருக்கும் இது சோறு போடும் தொழில் இல்லை. நான் பகலில் துறைமுகம் பக்கம் ஒரு ஆபீசில் பில் போடுகிறவன், சாயங்காலம் ரிதம் பேடு வாசிக்கிறவன். இத்தனை வருடத்தில் இங்கே வந்து வாசித்துவிட்டுப் போனவர்களை எண்ணினால் ஐம்பதைத் தாண்டும். அதில் பாதிப் பேரை "ஆளே சரியில்லப்பா" என்று முத்திரை குத்தி அனுப்பியவன் நான்தான். இப்போது நினைத்துப் பார்த்தால் அவர்களில் பெரும்பாலோர் மேல் தப்பே இல்லை. அவர்களுடைய வாரம் எப்படிப் போகிறது என்று நான் கேட்டதே கிடையாது.

கீழே உள்ளதை முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் குழுவில் எந்தக் கோளாறு தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போங்கள். ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்றால் முதலில் ஒயரை ஆட்டிப் பார்க்கிறோம், அப்புறம் பின்னை, அப்புறம் மிக்ஸரை. எடுத்ததும் ஸ்பீக்கரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கப் போவதில்லை. ஆள் விஷயத்தில் மட்டும் எடுத்ததும் ஆளை மாற்றப் பார்க்கிறோம்.

அறிகுறி: "வரேண்ணா" என்பார், ஒத்திகைக்கு வர மாட்டார்

எல்லாக் குழுவிலும் முதல் புகார் இதுதான். வடசென்னையில் இதற்கு முக்கால்வாசிக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, நேரம். மூன்று கேள்வி கேளுங்கள்: வேலை ஷிப்டா? ஞாயிற்றுக்கிழமை சர்ச் உண்டா? வீடு ரயில்வே கேட்டுக்கு எந்தப் பக்கம்?

முதலில் ஷிப்ட். மணலி கம்பெனிகள், துறைமுகம், எண்ணூர் பக்கம் எங்கே வேலை பார்த்தாலும் அநேகமாக மூன்று ஷிப்ட்தான்: காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் ராத்திரி 10, 10 முதல் மறுநாள் 6. வாரத்துக்கு வாரம் மாறும். எங்கள் லீட் கிட்டார்காரர் அப்படிப்பட்டவர். "எல்லா செவ்வாயும் ஏழு மணி" என்று நான் வைத்தேன். மதிய ஷிப்ட் வாரத்தில் அவரால் வரவே முடியாது. நைட் ஷிப்ட் வாரத்தில் வரலாம், ஆனால் எட்டே முக்காலுக்கு மணியைப் பார்க்க ஆரம்பிப்பார், வாசிப்பில் மனசு இருக்காது. ஆக மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் அவர் முழு ஆளாகக் கிடைப்பார். ஆறு மாதம் அவரைத் திட்டிக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் அவருடைய ஷிப்ட் அட்டவணையைப் போனில் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது எங்கள் கொட்டகையில் மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. ஒன்றாம் தேதி எல்லோரும் தங்கள் ஷிப்டை வாட்ஸ்அப்பில் போட வேண்டும். வர முடியாத நாளில் அவரவர் வாத்தியத்தின் முதல் எழுத்தை நான் சிவப்பில் எழுதுவேன். சிவப்பு குறைவாக இருக்கிற நாள் ஒத்திகை நாள். ஒரு வாரம் புதன், இன்னொரு வாரம் வெள்ளி என்று தாவும். "நிரந்தரமா ஒரு நாள் வைங்கப்பா" என்று கேட்கிறவர்கள் உண்டு. பத்திலிருந்து ஐந்தரை வேலை பார்க்கிறவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்.

அடுத்தது கடல். எங்களுக்கு டோலக் வாசிப்பவர் காசிமேட்டு அண்ணன், விசைப்படகில் போகிறவர். "போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்கறீங்களே" என்று ஒருதரம் சண்டைக்குப் போனேன். "எட்டு நாள் கடலு, ரெண்டு நாள் கரை. கரையில இருக்கச்சே கூப்புடு, ஓடியாறேன். நடுக்கடல்ல டவர் எங்க இருக்குது தம்பி?" என்றார். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த இரண்டு மாதமும் விசைப்படகு கரையில்தான் நிற்கும், அண்ணனும் கரையில்தான். புதுப் பாட்டு எல்லாவற்றையும் நாங்கள் இப்போது அந்த 61 நாளில் ஏற்றிவிடுகிறோம். அதற்கப்புறம் ஒரு மாதத்தில் ஆடி பிறந்துவிடும், அம்மன் கோயில் மேடைகள் ஆரம்பித்துவிடும். ஒத்திகை பார்த்த சூட்டோடு மேடை. தடைக்காலத்தில் அவருக்கு வருமானம் இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். அந்த மாதங்களில் சின்ன நிகழ்ச்சி ஏதாவது வந்தால் முதல் போன் அவருக்குத்தான் போகும்.

சர்ச். வடசென்னையில் கீபோர்டும் கிட்டாரும் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட பையன்களில் ரொம்பப் பேர் ராயபுரம், பெரம்பூர், வியாசர்பாடி சர்ச்சுகளில் வாசித்துப் பழகியவர்கள். அவர்களிடம் ஞாயிறு காலை கேட்காதீர்கள். டிசம்பரும் கேட்காதீர்கள். கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிட்டால் ராத்திரி ராத்திரியாக வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம், அப்போது கொண்டாட்டப் பாட்டுக்கு வர மனசில்லாதவர்கள் உண்டு. சில சபைகளில் சினிமாப் பாட்டே வாசிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கும். அதை முதல் சந்திப்பிலேயே நாசூக்காகக் கேட்டுவிடுங்கள். மூன்று ஒத்திகைக்கு அப்புறம் பாஸ்டருக்குத் தெரிந்து பையன் நின்றுபோனால் அவனுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

கடைசியாக ரயில்வே கேட். கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கம் இருக்கிறவர் ஏழு மணிக்கு என்றால் ஏழரைக்குத்தான் வருவார், அதை "லேட்" என்று கணக்கு வைக்காதீர்கள். மணலி ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசை நின்றாலும் இதே கதைதான். நாங்கள் ஏழு முதல் ஏழரை வரை டியூனிங், ஒயர் மாட்டுவது, டீ என்று வைத்துவிட்டோம். திருவொற்றியூர் ஆட்களுக்கு இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு தோளில் கிட்டாரோடு வந்து இறங்குகிறார்கள்.

இவ்வளவும் கேட்டு, இவ்வளவுக்கும் இடம் கொடுத்து, அப்படியும் சொல்லாமல் கொள்ளாமல் மூன்று முறை வராதவர் என்றால் அவர் வர மாட்டார். நான்காவது முறை கூப்பிட வேண்டாம்.

அறிகுறி: வருகிறார், ஆனால் பாட்டைப் பார்த்துவிட்டு வருவதில்லை

உங்கள் மெசேஜை எடுத்துப் பாருங்கள். வெறும் பாட்டுப் பெயராக, அதுவும் ராத்திரி பதினொன்றரைக்குப் பன்னிரண்டு பாட்டாகப் போட்டிருந்தால் தப்பு உங்களுடையது. ஒரே பாட்டுக்கு யூடியூபில் படத்தில் வந்தது, மேடையில் பாடியது, டிவி போட்டியில் பாடியது என்று பத்து இருக்கும். ஒருவர் ஒன்றைக் கேட்டுவிட்டு வருவார், அடுத்தவர் இன்னொன்றை. நடுவில் மோதும்.

நான் இப்போது ஒரு பாட்டுக்கு அனுப்புவது இவ்வளவு: எந்த லிங்க், யார் பாடுகிறார், எத்தனை கட்டை, முன்னிசை முழுசா பாதியா, இரண்டாவது சரணம் உண்டா இல்லையா, எப்படி முடிக்கிறோம். வாரத்துக்கு நாலு பாட்டு, அதற்கு மேல் இல்லை.

இதில் கட்டைதான், அதாவது பாட்டின் சுருதிதான், உயிர். தெரியாத புது ஆட்களுக்காகச் சொல்கிறேன்: 1 கட்டை என்பது கீபோர்டில் சி, 2 என்றால் டி, 3 என்றால் இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. நடுவில் கறுப்புச் சாவிகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. உங்கள் பாடகர் ஒரிஜினலைவிட ஒரு கட்டை இறக்கித்தான் பாடுவார் என்றால் அதை முதல் நாளே எழுதிவிடுங்கள். கீபோர்டுகாரர் ஒரு பட்டனில் மாற்றிக்கொள்வார். பேஸ் கிட்டார்காரர் வீட்டில் பழகிய விரலையெல்லாம் இடம் மாற்ற வேண்டும். புல்லாங்குழல்காரர் நிலைமை இன்னும் மோசம், கட்டைக்கு ஒரு குழல் வேண்டும் அவருக்கு. அந்தக் குழலை அவர் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தால் அன்றைக்கு அவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இரண்டு முறை அப்படிச் சும்மா உட்கார வைத்தால் மூன்றாவது முறை வர மாட்டார்.

அறிகுறி: அபஸ்வரம் கேட்கிறது, எல்லோரும் ஒருவரையே திரும்பிப் பார்க்கிறார்கள்

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பேஸ் வாசிக்க ஒரு தம்பி வந்தான், மூலக்கடைப் பக்கம். அதிகம் பேச மாட்டான், சுத்தமான விரல். மூன்றாவது ஒத்திகை. முதல் பாட்டில் எங்கள் பாடகிக்குச் சுருதி உயரம் என்று கீபோர்டுகாரர் டிரான்ஸ்போஸ் பட்டனை (எல்லாச் சாவியின் சுருதியையும் ஒரேயடியாக ஏற்றி இறக்குவது) தட்டி மைனஸ் 2 போட்டார். பாட்டு முடிந்தது, கைத்தட்டல், டீ வந்தது. அடுத்த பாட்டு 2 கட்டை. ஆரம்பித்ததும் அடியில் ஏதோ பிராண்டுகிற மாதிரி ஒரு சத்தம். நிறுத்தினோம். மறுபடியும் எடுத்தோம், மறுபடியும் அதே பிராண்டல். ஆறு பேரும் பேஸ் தம்பியைத்தான் பார்த்தோம், அவன்தானே புதுசு. "டியூனிங் பாரு தம்பி" என்றேன். பார்த்தான், சரியாக இருந்தது. "அப்ப நோட்டு தப்பா எடுத்திருப்ப." அவன் போனில் ஒரிஜினலைப் போட்டுக் காட்டினான், 2 கட்டைதான். "அதெல்லாம் சரி, இங்க சேரலையே" என்று எங்கள் பாடகர் ஒரு சிரிப்பு சிரித்தார்.

அவன் மறுபேச்சு பேசவில்லை. தந்தியைத் துடைத்தான், உறையில் வைத்து ஜிப்பை இழுத்தான், "வரேண்ணா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அரைமணி கழித்துக் கீபோர்டுகாரர் அடுத்த பாட்டுக்குக் கையை வைத்தபோதுதான் திரையைப் பார்த்தார். மைனஸ் 2 அப்படியே இருந்தது. அவர் டி என்று அமுக்கியபோதெல்லாம் வெளியே வந்தது சி. 2 கட்டைப் பாட்டை நாங்கள் ஆறு பேரும் 1 கட்டையில் வாசித்துக்கொண்டிருந்தோம், சரியாக வாசித்தவன் அவன் ஒருவன்தான். கீபோர்டு சத்தம் பெரிசு, அதனால் அதன் பக்கம் காது சாய்ந்துவிட்டது.

ஆகவே, இந்த அறிகுறி தெரிந்தால் வரிசை இதுதான். முதலில் கீபோர்டின் திரையைப் பாருங்கள், டிரான்ஸ்போஸ் சுழியில் இருக்கிறதா என்று. அப்புறம் எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு ஸ்வரத்தை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லுங்கள். கிட்டார்காரர் கேப்போ (சுருதியை ஏற்றத் தந்திகள் மேல் மாட்டும் கிளிப்) போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். டிரம்பெட் இருந்தால் இன்னொரு குழப்பம் உண்டு. அவர் சி என்று சொல்லி ஊதுவது நம் கீபோர்டில் பி ஃபிளாட், அதாவது ஆறரைக் கட்டை. அந்த வாத்தியத்தின் வழக்கம் அது, அவர் தப்பில்லை. இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தத் தம்பிக்கு அன்றைக்கே போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா" என்றான். திரும்பி வரவில்லை. இப்போது எங்கள் கீபோர்டின் மேல் பட்டையில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி "டிரா. 0?" என்று எழுதி வைத்திருக்கிறோம்.

அறிகுறி: தேடித் தேடியும் ஆளே கிடைக்கவில்லை

பாடகர்கள் வேண்டுமா, தெருவுக்கு இருபது பேர். வாசிக்கத்தான் ஆள் இல்லை, அதிலும் பேஸும் டிரம்ஸும் தங்கம். எங்கே தேடுகிறீர்கள் என்று பாருங்கள். தெரிந்தவர்களிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் தெரிந்தவர்கள்தான் வருவார்கள்.

ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எந்தத் தெருவில் மேடை போட்டிருக்கிறதோ அங்கே போய் நில்லுங்கள். மேடைக்கு முன்னால் நிற்காதீர்கள், பக்கவாட்டில், ஸ்பீக்கர் அடுக்குக்குப் பின்னால். வாசிப்பவர்களின் தம்பிகள், மச்சான்கள், ஒயர் சுருட்டுகிற பையன்கள் அங்கேதான் இருப்பார்கள். பாதிப் பேருக்கு ஏதாவது ஒன்று வாசிக்க வரும். எங்கள் தபேலாக்காரர் அப்படி ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தவர்தான்.

அப்புறம் கானா, வடசென்னையில் சாவு வீட்டில் பாடுகிற பாட்டு. இந்த ஊரில் தாளத்துக்கு ஆள் இல்லை என்று ஒருவர் சொன்னால் அவர் கானா பாடும் வீட்டு வாசலில் நின்றதே இல்லை என்று அர்த்தம். டோலக், தபேலா, சட்டி என்று விடிய விடிய வாசித்து நிற்கிற கைகள் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் இருக்கின்றன. கானாவும் டிரம் செட்டும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடையில் நிற்கலாம் என்பதை 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு செய்து காட்டிவிட்டது. அதற்கப்புறம் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு மேடைக் கூச்சம் குறைந்திருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ஒன்று மட்டும். கானாக்காரர் பார் (தாள அளவு) எண்ணி வாசிக்க மாட்டார், பாடுகிறவரின் வாயைப் பார்த்து வாசிப்பார். "நாலு பார் கழிச்சு கட்" என்றால் அவருக்குப் புரியாது, "இந்த வார்த்தையில நிறுத்திக்கணும்ணா" என்றால் நூல் பிடித்த மாதிரி நிற்பார். அவர் மொழியில் நாம் சொன்னால் போதும். இன்னொன்று, சாவு வீட்டில் வாசிக்கிறவர் என்று முகம் சுளிக்கிற ஆள் உங்கள் குழுவிலேயே இருக்கலாம். புது ஆள் நிலைக்காததற்கு அவர்தான் காரணமாக இருப்பார். அங்கே மாற்ற வேண்டிய ஆள் அவர்.

இசையில் கிரேடு பரீட்சை எழுதுகிற பிள்ளைகளையும் விடாதீர்கள். 1842இல் தொடங்கிய, அண்ணா சாலையில் இருக்கிற மியூஸி மியூசிக்கல் மாதிரி வாத்தியக் கடைகளில் டிரினிட்டி பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் நடமாட்டம் எப்போதும் உண்டு. அவர்களுக்குத் தாளில் எழுதிக் கொடுத்தால் மின்னல், காதால் கேட்டு வாசி என்றால் திணறுவார்கள். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) எழுதிய ஒரு தாள் கையில் கொடுத்தால் ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். மார்ச்சில் மட்டும் தொந்தரவு செய்யாதீர்கள், பிளஸ் டூ பரீட்சை.

எடுத்துக்கொள்ளும் முன் சோதித்துப் பார்க்கிறீர்களா? தனி ஆவர்த்தனம் வாசிக்கச் சொல்லாதீர்கள். வீட்டில் மூன்று மாதம் பழகிய இரண்டு நிமிடத்தைக் கொட்டுவார், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் குழுவில் ரொம்பச் சுமாராகப் பாடுகிறவரைப் பாடவிட்டு அவருக்கு வாசிக்கச் சொல்லுங்கள். பாடகர் தாளத்தை விடுகிற இடத்தில் இவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தாங்கிப் பிடிக்கிறவர் வேண்டும். முகத்தைச் சுருக்குகிறவர் வேண்டாம்.

அறிகுறி: நிகழ்ச்சிக்கு முந்தின ராத்திரி கழன்றுகொள்கிறார்

ஆடியில் நாலு அல்லது ஐந்து ஞாயிறு. வடசென்னையில் அத்தனை அம்மன் கோயிலிலும் கூழும் கச்சேரியும் அந்த ஞாயிறுகளில்தான். நல்ல வாசிப்பாளருக்கு ஒரே ராத்திரிக்கு மூன்று அழைப்பு வரும். நீங்கள் ஜூன் மாதம் வாய்மொழியாகச் சொல்லி வைத்ததற்கும், நேற்று ஒருவர் ஜீபேயில் ஆயிரம் ரூபாய் போட்டதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? அட்வான்ஸ் கொடுங்கள். ஐந்நூறானாலும் கொடுங்கள். கோயில் கமிட்டி நமக்கு அட்வான்ஸ் கொடுத்த அன்றே அதில் ஒரு பங்கு அவர் கைக்குப் போய்விட வேண்டும்.

கானாக்காரர்கள் விஷயம் வேறு. சாவுக்குத் தேதி கிடையாது. சொந்தத் தெருவில் ஒரு சாவு விழுந்தால் அவர் அங்கேதான் இருந்தாக வேண்டும். அவருக்கு அது தொழில் மட்டும் இல்லை, கடமை. அதற்காகக் கோபப்பட்டால் நாம் இந்த ஊர்க்காரர்களே இல்லை. ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மாற்று ஆள் வேண்டும். அந்த மாற்று ஆளை நீங்கள் தேடாதீர்கள், அவரையே சொல்லச் சொல்லுங்கள். "உங்களால வர முடியலைன்னா யாரை அனுப்புவீங்கண்ணா?" என்று முதல் மாதமே கேட்டுப் பெயரையும் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அனுப்பும் ஆள் மோசமாக வாசித்தால் அவர் பெயர் கெடும், அதனால் நல்ல ஆளாகத்தான் அனுப்புவார். மாற்று ஆளை இரண்டு மாதத்துக்கு ஒருதரம் ஒத்திகைக்கும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

மழைக்காலமாக இருந்தால் முந்தின ராத்திரிப் பிரச்சினைக்கு இன்னொரு காரணம் உண்டு. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கினால் சுற்றித்தான் வர வேண்டும். ஆக்டபேடு என்கிற எலெக்ட்ரானிக் டிரம் பேடை பைக்கில் வைத்துக்கொண்டு யாரும் நீந்த மாட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வண்டிச் செலவில் ஒரு ஆட்டோ காசு கூடுதலாக ஒதுக்கிவிடுங்கள்.

அறிகுறி: பணம் கைக்கு வந்ததும் முகம் சுருங்குகிறது, அடுத்த முறை "வேலை இருக்குண்ணா"

கணக்கை வாயால் சொல்லியிருப்பீர்கள், அல்லது சொல்லியே இருக்க மாட்டீர்கள். உதாரணத்துக்கு முப்பதாயிரம் பேசியிருக்கிறோம் என்று வையுங்கள். சவுண்டு வாடகை 9,000, வேன் 2,500, சாப்பாடு 1,500. மிச்சம் 17,000. குழு நிதிக்கு ஆயிரம் போக 16,000, எட்டுப் பேருக்குத் தலைக்கு 2,000. இந்தக் கணக்கை நிகழ்ச்சிக்கு முன்னாலேயே குரூப்பில் போட்டுவிட வேண்டும். வேனில் திரும்பும்போது ராத்திரி ஒரு மணிக்குக் காதோடு காதாகக் கொடுத்தால், அடுத்தவருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற கேள்வி அவரவர் வீடு வரைக்கும் கூடவே போகும். தலைவருக்குத் தனிப் பங்கு உண்டா இல்லையா என்பதையும் எழுதிவிடுங்கள். நான் எடுப்பதில்லை. எடுக்கிறவர்களைத் தப்பு சொல்லவும் மாட்டேன், வேலை இருக்கிறது. மறைப்பதுதான் தப்பு.

மீதித் தொகை கமிட்டியிடம் மாட்டிக்கொள்வது பழைய வியாதி. "நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்கோப்பா" என்பார்கள். நாளைக்குப் போனால் பொருளாளர் ஊரில் இருக்க மாட்டார். கடைசி ஐந்து பாட்டுக்கு முன் ஒரு ஆளை அனுப்பி வாங்கிவிடுங்கள். கூட்டம் அடுத்த பாட்டைக் கேட்டுக் கத்திக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் பை சட்டென்று திறக்கும்.

அறிகுறி: பெண்கள் இரண்டு ஒத்திகைக்கு மேல் நிலைப்பதில்லை

"வீட்ல விடமாட்டேங்கறாங்க" என்று பதில் வரும். வீட்டில் என்ன கேட்டார்கள் என்று பாருங்கள்: எத்தனை மணிக்கு முடியும், யார் யார் இருப்பார்கள், எப்படித் திரும்பி வருவாய். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத ஒத்திகைக்கு நானே என் தங்கையை அனுப்ப மாட்டேன். எட்டரைக்கு முடியும் என்றால் எட்டரைக்கு முடியுங்கள், "இன்னும் ஒரே ஒரு பாட்டு" என்று இழுக்காதீர்கள். முதல் ஒத்திகைக்கு அம்மாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், ஒரு நாற்காலி போடுங்கள். அந்தப் பெண்ணின் பாட்டுகளை முன்னால் எடுத்துவிடுங்கள். ஆண்களின் குத்துப் பாட்டு முடியும் வரை ஓரமாகக் காக்க வைப்பதைப் பல குழுவில் பார்த்திருக்கிறேன். ஒத்திகை இடத்தில் கழிப்பறை வசதி என்ன என்பதை யாரும் யோசிப்பதில்லை. நாங்களும் ரொம்ப நாள் யோசிக்கவில்லை. இப்போது கீழ் வீட்டு அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

அறிகுறி: பக்கத்து வீட்டில் சண்டை, ஒத்திகையே நிற்கிறது

ஒத்திகை நின்றால் மூன்று வாரத்தில் ஆள் கலைந்துவிடும், அதனால்தான் இதை இங்கே சேர்க்கிறேன். ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரியில் 45. டிரம் செட்டை வைத்துக்கொண்டு 55க்குள் நிற்க எங்களால் முடியவில்லை. மாடியில் எலெக்ட்ரானிக் பேடு, எல்லோருக்கும் சின்ன மிக்ஸரிலிருந்து ஹெட்போன் என்று மாறினோம். வெளியே நிற்பவருக்குத் தந்தி டிங் டிங் என்பதும் பாடகர் தனியாகக் கத்துவதும்தான் கேட்கும், பைத்தியக்கார ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். பரவாயில்லை. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த மாதம் முழுக்க எங்கள் காலண்டரில் அதுவும் ஒரு சிவப்பு.

அறிகுறி: வாசிப்பு பிரமாதம், ஆனால் குடித்துவிட்டு வருகிறார்

மேடையில் ஒருதரம் என்றால் பேசிப் பாருங்கள், மறுநாள் காலையில், தனியாக. இரண்டாவது தரம் என்றால் மேடை வேண்டாம், ஒத்திகைக்கு மட்டும் வரட்டும். எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அறிகுறி: தேறியதும் பெரிய குழுவுக்குப் போய்விடுகிறான்

இது பழுது இல்லை. நாம் கொடுப்பதைவிட மூன்று மடங்கு கொடுக்கிறார்கள், டிவியில் முகம் வருகிறது, போகத்தான் செய்வான். பிடித்து வைக்கப் பார்த்தால் மனசு கசந்து போவான், நாலு இடத்தில் நம்மைப் பற்றிப் பேசுவான். சந்தோஷமாக அனுப்பினால் ஆடியில் ஆள் குறையும்போது ஒரு போனுக்கு வருவான், இல்லையென்றால் தன் தம்பியை அனுப்புவான். எங்களிடம் இருந்து போன கீபோர்டு தம்பி போகும்போது நூற்றுப் பத்துப் பாட்டுக்குக் கட்டையும் கார்டும் எழுதிய நீளமான கணக்கு நோட்டு ஒன்றை விட்டுவிட்டுப் போனான். அதை வைத்துத்தான் அடுத்த ஆள் பத்தே நாளில் தயாரானார்.

அறிகுறி: போனே எடுப்பதில்லை, மெசேஜில் ஒற்றை டிக்

குரூப்பில் திட்டாதீர்கள். "பிசியா இருந்தா சொல்லிடுங்க" என்று குத்தலாகவும் போடாதீர்கள். வீட்டுக்குப் போங்கள். எங்கள் தபேலாக்காரர் இரண்டு வாரம் இப்படி இருந்தார். கொருக்குப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். போன் அடகுக் கடையில் இருந்தது, அப்பா ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இருந்தார். கட்டிலுக்கு அடியில் தபேலா துணி சுற்றி இருந்தது. ஒத்திகை பற்றி நான் வாயே திறக்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தார்கள், குடித்தேன். கிளம்பும்போது அவராகவே, "சனிக்கிழமை எத்தினி மணிக்கு மாஸ்டர்?" என்றார். இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்து, காலண்டரில் அவர் எழுத்தைச் சிவப்பில் எழுதினேன்.